வெளியாருடன் ஆய்வு ஒப்பந்தம்: கிழக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிப்பிக்கும் விரிவுரையாளர், அவரோடு சேர்ந்து ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் ஆலைக்காரர், தொண்டு நிறுவன அலுவலர், வெளிநாட்டுப் பேராசிரியர், இவர்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் முதுகலை மாணவர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் சட்டத்தரணி அல்லன். இந்தக் கோப்புகளோடு நாள் முழுக்கப் புழங்குபவன். நடைமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். கையெழுத்துக்கு முன் உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்கள் துறைத்தலைவரே ஒரு கம்பனியோடு கையெழுத்து வைத்துவிட்டார். அது செல்லுமா?

தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பல்கலைக்கழகம் அதில் இருக்காது.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே வழியில் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது. இரண்டையும் ஆள்வது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி பல்கலைக்கழகம் என்பது தன் பெயரில் வழக்குத் தொடரவும், தன்மீது வழக்குத் தொடரப்படவும் கூடிய ஒரு கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு. துறைக்கோ பீடத்துக்கோ ஆய்வு நிலையத்துக்கோ அந்தத் தகுதி கிடையாது. ஆளும் அதிகாரம் பேரவையிடம் இருக்கிறது, கல்வி அலுவல் மூதவையிடம் இருக்கிறது, இரண்டுக்கும் தலைவர் உபவேந்தர். எனவே பேரவையின் அங்கீகாரத்தோடு உபவேந்தரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ வைக்கும் கையெழுத்துத்தான் பல்கலைக்கழகத்தைக் கட்டும்.

மற்றவர் வைத்தால், வம்பு வரும்போது அவர் தனியாளாக நிற்க வேண்டியிருக்கும். கம்பனி தந்த கருவி உடைந்தது, அறிக்கை பிந்தியது, பணம் திருப்பிக் கேட்கிறார்கள் என்றெல்லாம் வரும்போது பல்கலைக்கழகம் "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் அதில் பிழை சொல்ல இடமில்லை. பணம் விரிவுரையாளரின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல்கலைக்கழகக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார், அங்கிருந்து அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழுவரை போகிற வழி குறுகியது.

ஏற்கெனவே வைத்தாயிற்று என்றால் மறைக்காதீர்கள். ஒரு பிரதியோடு பதிவாளரிடம் போய்ச் சொல்லுங்கள். அநேகமாக, அதே விடயத்தை முறையான ஒப்பந்தமாகப் புதிதாக எழுதி முன்னதை நீக்கிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துக் கம்பனியின் கடிதம் மூலம் உபவேந்தர் அறிவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்களுக்குள் புரிந்துணர்வு உடன்படிக்கை இருக்கிறதே, அது போதாதா?

போதாது. புரிந்துணர்வு உடன்படிக்கை என்பது "சேர்ந்து வேலை செய்ய விருப்பம்" என்று இரண்டு தரப்பும் சொல்வது. பெரும்பாலானவற்றில் "இது சட்டப்படி கட்டுப்படுத்தாது" என்று ஒரு வரி இருக்கும். படம் எடுக்கவும் இணையத்தளத்தில் போடவும் உகந்தது. யார் எவ்வளவு தருவார், எப்போது தருவார், முடிவு யாருக்கு, குழம்பினால் என்ன என்பவற்றுக்குத் தனி ஆய்வு ஒப்பந்தம் வேண்டும்.

நாம் புரிந்துணர்வு உடன்படிக்கைகளைக் கொஞ்சம் அதிகமாகவே நேசிக்கிறோம் என்பது என் எண்ணம். ஒரே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு மூன்று பீடங்கள் மூன்று உடன்படிக்கை வைத்திருக்கும், ஒன்றின்கீழும் ஒரு ஆய்வும் நடந்திராது. எதிர்மாறான ஆபத்தும் உண்டு. "விருப்பம்" என்று தொடங்கிய தாளின் பின்பகுதியில் பணத்தொகை, திகதி, தரவுரிமை எல்லாம் எழுதப்பட்டிருந்தால், தலைப்பில் என்ன போட்டிருந்தாலும் அது ஒப்பந்தமாகிவிடக்கூடும். நீதிமன்றம் பார்ப்பது உள்ளே எழுதியிருப்பதை.

கோப்பு எங்கெல்லாம் போகும்? ஏன் இவ்வளவு நாள்?

முன்மொழிவும் வரவுசெலவும் துறைக் கூட்டத்தில் தொடங்கும். பிறகு பீடாதிபதி, பீடச்சபை. ஆய்வுக்குழுவோ பல்கலைக்கழக வணிக இணைப்புப் பிரிவோ உள்ளடக்கத்தைப் பார்க்கும். நிதியாளர் பணப்பகுதியைப் பார்ப்பார், சட்டப்பகுதி ஆலோசனைக்குப் போகும், பிறகு மூதவை, கடைசியில் பேரவை. வெளிநாட்டுத் தரப்பு என்றால் சட்டமா அதிபர் திணைக்களத்தின் கருத்தும் அமைச்சின் இணக்கமும் கேட்கப்படலாம்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் பெரிய காரணம் கூட்டங்களின் நாட்காட்டி. பேரவையும் மூதவையும் அநேகமாக மாதத்துக்கு ஒருமுறை கூடுகின்றன. நிகழ்ச்சிநிரல் மூடிய மறுநாள் கோப்பு வந்தால் ஒரு மாதம் போயிற்று. அடுத்த முறை "வரவுசெலவின் 3ஆம் பக்கத்தில் கூட்டல் பிழை" என்று திரும்பினால் இன்னொரு மாதம். ஆகவே பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது "அடுத்த கூட்டத்துக்குக் கடைசித் திகதி எது?" என்பதைத்தான்.

நான் சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் யாரிடம் போவது?

தெரிந்த விரிவுரையாளர் இருந்தால் அவரிடமே தொடங்குங்கள், தப்பில்லை. இல்லாவிட்டால் பல்கலைக்கழக வணிக இணைப்புப் பிரிவு. "யூ.பி.எல்." என்று கேட்டால் காட்டுவார்கள். உலக வங்கிக் கடனில் 2017இல் தொடங்கிய 'அஹெட்' உயர்கல்வித் திட்டம் இந்தப் பிரிவுகளுக்கு நன்றாகக் கைகொடுத்தது.

போகுமுன் உங்களுக்கு வேண்டியது பரிசோதனையா ஆய்வா என்று முடிவெடுங்கள். தவிட்டில் எண்ணெய் எத்தனை வீதம் என்று அளந்து தரச் சொன்னால் அது பரிசோதனைச் சேவை. கட்டணம் கட்டுவீர்கள், அறிக்கை வரும், அது உங்களுடையது, ஒரு பக்கக் கடிதமே போதும். தவிடு ஆலையிலிருந்து வந்த சில மணிநேரத்தில் எண்ணெய் கெட்டு நாறத் தொடங்குகிறது, அதை எப்படித் தடுப்பது என்று கேட்டால் அது ஆய்வு. விடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. விரிவுரையாளரின் நேரமும் மாணவரின் உழைப்பும் அதில் போகும், கட்டுரை எழுத அவர்கள் விரும்புவார்கள். அதற்கு முழு ஒப்பந்தம் வேண்டும். நடக்கும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி, ஒருவர் பரிசோதனை என்று நினைத்து மற்றவர் ஆய்வு என்று நினைத்ததால் வருபவை. "காசு தந்தேனே, முடிவு எங்கே?" என்று ஆலைக்காரர் கேட்பார். "முயற்சி செய்வதாகத்தானே சொன்னேன்" என்பார் விரிவுரையாளர்.

விலையில் வற் (பெறுமதி சேர் வரி) சேருமா சேராதா என்பதையும் அப்போதே கேளுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து 18 வீதம். பின்னால் தெரியவந்தால் வலிக்கும்.

ஆய்வில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அது யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்தத்தில் எழுதியவருக்கு. எழுதாவிட்டால் சட்டம் சொல்பவருக்கு. சட்டம் சொல்வது பல விரிவுரையாளர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தின்கீழ் செய்த கண்டுபிடிப்பின் பேட்டன்ட் உரிமை, மாறாக எழுதப்படாவிட்டால், தொழில்வழங்குநருக்குப் போகும். குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்து தரும்படி வெளியார் பணித்திருந்தால் பணித்தவருக்குப் போகும். அதாவது கம்பனி காசு கொடுத்து "இதைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று கேட்டு, ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால், மௌனம் கம்பனியின் பக்கமே சாயும். கண்டுபிடிப்பு எதிர்பார்த்ததைவிட மிக அதிகப் பெறுமதி கொண்டதாக மாறினால் கண்டுபிடித்தவர் நியாயமான ஊதியம் கோர ஒரு வழியும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த வழி நீதிமன்றத்தின் ஊடாகப் போவது, நீண்டது.

எனவே மூன்று விடயத்தைப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, ஆய்வு தொடங்குமுன் ஒவ்வொரு தரப்பும் கொண்டுவந்தது. ஆலையின் அவியல் முறை ஆலைக்கே, துறை பத்து வருடமாகச் சேர்த்த நுண்ணங்கிச் சேகரிப்பு துறைக்கே. இதை இணைப்பில் பட்டியலாகப் போடாவிட்டால் பிறகு யார் எதைக் கொண்டுவந்தார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. இரண்டாவது, ஆய்வில் பிறந்தது. மூன்றாவது, பிறந்ததைப் பயன்படுத்தும் அனுமதி. உரிமையை விட்டுக்கொடுத்தாலும், படிப்பிக்கவும் தொடர்ந்து ஆராயவும் கட்டணமில்லா நிரந்தர அனுமதியை விட்டுக்கொடுக்காதீர்கள். சொந்தக் கண்டுபிடிப்பைச் சொந்த ஆய்வுகூடத்தில் தொட அனுமதி கேட்கும் நிலை வரக்கூடாது.

திகதி பற்றி ஒன்று. இலங்கையில் பேட்டன்ட் விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டது விண்ணப்பத்தைக் கெடுக்காது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையை நம்ப முடியாது. பீட ஆய்வரங்கில் ஒரு சுவரொட்டி ஒட்டினாலே அங்கே கதவு மூடிவிடலாம். பேட்டன்ட் கிடைத்தால் ஆயுள் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம்.

"எங்கள் அனுமதியின்றி வெளியிடக்கூடாது" என்று அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கலாமா?

கூடாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"நிறுவனத்தின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதியின்றி ஆய்வின் எந்தப் பெறுபேறும் வெளியிடப்படலாகாது."

இதை வெட்டிவிட்டு இப்படிக் கேளுங்கள்:

"வெளியிட உத்தேசிக்கும் கட்டுரையின் பிரதியை ஆய்வாளர் 30 நாட்களுக்கு முன் நிறுவனத்துக்கு அனுப்புவார். தனது இரகசியத் தகவலை நீக்குமாறு நிறுவனம் கோரலாம். பேட்டன்ட் விண்ணப்பம் செய்ய வேண்டியிருப்பின் மேலும் 60 நாட்கள் வரை வெளியீட்டைப் பிற்போடுமாறு கோரலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிடின் ஆய்வாளர் வெளியிடலாம்."

உயிர் கடைசி வசனத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கம்பனி மறுக்கவே தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். நாட்களின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம், 30ஐ 45 ஆக்கலாம். மறுப்புரிமையை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து ஆய்வுகள் பல பணம் தருபவரின் நலனை நேரடியாகத் தொடுபவை. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்தபின் கரை அரித்ததை எல்லோரும் அறிவோம். அப்படி ஒரு கரையை அளக்கும் ஆய்வுக்குக் கட்டுமானத்தோடு சம்பந்தப்பட்ட எவராவது பணம் தருகிறார் என்று வையுங்கள். மறுப்புரிமை அவர் கையில் இருந்தால், எத்தனை மீற்றர் கரை போனது என்று அளந்தவர் வாய் திறக்க முடியாது. களப்பில் கலக்கும் கழிவுநீர், வயலில் தெளிக்கும் மருந்து, நிலக்கீழ் நீரில் நைத்திரேற்று எல்லாம் இதே வகை.

இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், எல்லை வேண்டும். எது இரகசியம் என்று அந்தந்தத் தாளில் குறிக்கப்பட வேண்டும், "பேசியதெல்லாம் இரகசியம்" என்பது சரிவராது. காலமும் வேண்டும். மூன்று அல்லது ஐந்து வருடம் வழக்கம்.

கம்பனிகள் அநேகமாக அறியாத ஒன்று, அரச பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பது. வியாபார இரகசியத்துக்கும் புலமைச் சொத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் பொதுநலன் பெரிது என்றால் அந்த விலக்கும் நிற்காது. "சட்டம் கோரும் வெளிப்படுத்தல் இதன் மீறலாகாது" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் குறையும்.

சேர், நான் எம்.பில். செய்கிறேன். எனது ஆய்வுக்கு ஒரு நிறுவனம் காசு தருகிறது. ஒப்பந்தத்தில் என் பெயரே இல்லை. நான் கவலைப்பட வேண்டுமா?

ஆம் தங்கச்சி, கொஞ்சம் கவலைப்படுங்கள். நீங்கள் பல்கலைக்கழக ஊழியர் அல்லர், மாணவி. மேலே சொன்ன தொழில்வழங்குநர் விதி உங்களுக்குத் தானாகப் பொருந்தாது. அதனால்தான் "எனது உரிமைகளைப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைக்கிறேன்" என்று ஒரு தாளை உங்களிடம் நீட்டுவார்கள். வாசிக்காமல் வைக்காதீர்கள். ஒப்படைத்தால் பதிலுக்கு என்ன வருகிறது, வருமானம் வந்தால் உங்களுக்கும் பங்குண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அதைவிட முக்கியம் ஆய்வேடு. உங்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் பரீட்சகர்கள் வாசிக்கவும் எந்தத் தடையும் இராது என்று பிரதான ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். நூலகத்தில் வைப்பதைச் சில மாதம் பிற்போடலாம், பட்டத்தைப் பிற்போட முடியாது. மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் பட்டப்பின் கற்கைகளுக்குப் பொறுப்பான உதவிப் பதிவாளரிடம் ஒரு பிரதி கேளுங்கள்.

வெளிநாட்டுக் குழு ஒன்று களப்புத் தண்ணீர் மாதிரிகளையும், மீனவர் குடும்பங்களின் பேட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கும் ஒப்பந்தமா?

அதற்குத்தான் முதலில் ஒப்பந்தம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, திருச்செந்தூர், கல்லடி, அங்கால மருதமுனை, சாய்ந்தமருது என்று வீடு வீடாக வினாக்கொத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஒரே தாய் ஒரே கதையை வேறு வேறு ஆட்களுக்குச் சொன்னாள். கட்டுரைகள் வந்தன, பட்டங்கள் வந்தன. நிரப்பிய படிவங்களில் எத்தனை இங்கே மிஞ்சின என்று உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அநேகர் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். இங்கே ஒரு பிரதி விடும்படி கேட்கிற தாள் ஒன்று அவர்கள் முன் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மாதிரிகளுக்குத் தனியாக மாதிரிக் கைமாற்று உடன்படிக்கை எழுதுங்கள். ஐஸ்பெட்டி ஒன்று வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து விமானம் ஏறுகிறது என்று வையுங்கள். உள்ளே 40 சின்னப் போத்தல், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். அந்த இலக்கங்களின் பட்டியல் இந்தத் தாளின் இணைப்பாக இருக்க வேண்டும். எந்தப் பரிசோதனைக்கு மட்டும் பாவிக்கலாம், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கலாமா, மிச்சத்தை அழிப்பதா திருப்புவதா, அதிலிருந்து ஒரு நுண்ணங்கியைப் பிரித்தெடுத்து வியாபாரமாக்கினால் என்ன என்றெல்லாம் எழுதுங்கள். பாதியை இங்கேயே உறைபெட்டியில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். மின்வெட்டு வந்தால் அது கெட்டுப்போகும் என்பார்கள். அப்படியானால் மின்பிறப்பாக்கியையும் வரவுசெலவில் போடச் சொல்லுங்கள்.

உயிரின மாதிரி என்றால் ஒப்பந்தம் மட்டும் போதாது. குமணவிலோ லகுகலையிலோ எடுக்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேறு அனுமதி. உயிரியல் பல்வகைமைச் சமவாயத்தின்படி ஒரு நாட்டின் மரபுவளம்மீதான இறைமை அந்த நாட்டுக்கே உரியது. இலங்கை 1994இலேயே அதை ஏற்றிருக்கிறது.

பேட்டிகளுக்கு வேறு கணக்கு. பெயர், தொலைபேசி இலக்கம், நோய் விபரம் எல்லாம் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. பெயர் நீக்கிய பிரதி வெளிநாடு போகட்டும், பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் திறவுப் பட்டியல் இங்கே பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். முழுத் தரவுத்தொகுப்பின் ஒரு பிரதி, இன்ன திகதிக்குள், இன்ன வடிவில், இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தரப்படும் என்று எழுதுங்கள். திகதி இல்லாத வாக்குறுதி வந்து சேராது. கட்டுரையில் ஆசிரியராக யார் யார் என்பதும் இங்கேயே தீரட்டும். படிவம் நிரப்பியவருக்கு நன்றி சொல்லும் வரி போதும், ஆய்வை வடிவமைத்தவருக்கு அது போதாது.

மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாமா?

தமிழ்ப் பிரதி தரச் சொல்லுங்கள். தமிழ் அரசகரும மொழி, கேட்பதில் வெட்கமில்லை. இரண்டு பிரதியும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும், வழக்கமாக ஆங்கிலம் என்றே இருக்கும். அப்படியானால் தமிழ்ப் பிரதியை நம்பத்தகுந்த ஒருவர் ஆங்கிலத்தோடு வரிக்குவரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சங்கம் தருவது படகும் ஆளும் மட்டுமல்ல. எந்த மாதத்தில் எந்த இடத்தில் இறால் ஏறும் என்ற அறிவையும் தருகிறது. அது அறிக்கையில் யாருடைய பெயரில் வரும் என்று கேளுங்கள்.

ஆய்வுப் பணத்தில் மேல்செலவு என்று 10, 15 வீதம் வெட்டுகிறார்களே, அது நியாயமா?

நியாயம். மின்சாரம், தண்ணீர், ஆய்வுகூட உத்தியோகத்தர், கணக்குப் பிள்ளை, இந்தக் கோப்பைச் சுமந்து திரியும் நான் எல்லாம் இலவசம் அல்ல. வீதம் எவ்வளவு என்பதைப் பேரவை தீர்மானித்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆய்வு நிதித் திட்டம் நேரடிச் செலவின்மேல் 25 வீதம் தானாகவே தருகிறது. வேறு சில கொடையாளர்கள் ஒரு சதமும் தர மறுப்பார்கள். முன்மொழிவு எழுதும் அன்றே நிதியாளரிடம் வீதத்தைக் கேட்டுச் சேர்த்துவிட்டால் பின்னர் களவேலைப் பணத்திலிருந்து பிடுங்க வேண்டி வராது. வெட்டிய பணத்தில் ஒரு பகுதி துறைக்குத் திரும்புகிறதா என்று கேட்க விரிவுரையாளருக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

ஒப்பந்தத் தொகை ரூபாவிலா டொலரிலா?

செலவு எதில் போகிறதோ அதில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. இரசாயனப் பொருளை டொலரில் வாங்கிக்கொண்டு தொகையை ரூபாவில் எழுதியவர்களின் ஆய்வு பாதியில் நின்றது. டொலரில் எழுதியிருந்தவர்களோ மிச்சப் பணத்தை என்ன செய்வதென்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். இரண்டு நிலைக்கும் ஒரு வரி வேண்டும். பணம் வரும் தவணையையும் பாருங்கள். "அறிக்கை தந்தபின் முழுத்தொகை" என்பது கம்பனிக்கு வசதி. ஆய்வு உதவியாளரின் சம்பளத்தை அதுவரை யார் கொடுப்பது? தொடக்கத்தில் ஒரு பகுதி வராமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

இறுதி அறிக்கைக்கு டிசம்பர் 31 என்று போட்டிருக்கிறார்கள். சரிதானே?

வயல் ஆய்வு என்றால் சரியே இல்லை. டிசம்பரில் பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும், அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். களப்பு ஆய்வு என்றாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி, முகத்துவாரம் வெட்டினால் நீரின் உப்பே மாறிவிடும். வெளிநாட்டு நிதியாண்டை அப்படியே ஏற்காமல் போகத்தைப் பார்த்துத் திகதி போடுங்கள். கட்டுப்பாட்டை மீறிய நிலைமைகள் என்ற பந்தியில் வெள்ளம், எரிபொருள் தட்டுப்பாடு இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பணிப்புறக்கணிப்பையும் சேருங்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது, ஆய்வுகூடச் சாவி வாங்க ஆளில்லை.

ஒழுக்கவியல் அனுமதி ஒப்பந்தத்துக்கு முன்னா பின்னா?

ஒப்பந்தத்தை முன்னால் வைக்கலாம். ஆனால் "அனுமதி கிடைத்த பின்னரே மனிதர் சம்பந்தப்பட்ட வேலை தொடங்கும்" என்று அதில் இருக்க வேண்டும். மருந்துப் பரீட்சை என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் ஈடு தருவது யார் என்பதைக் கம்பனி எழுத்தில் தராமல் ஒரு நோயாளியையும் சேர்க்காதீர்கள்.

பிணக்கு வந்தால் லண்டன் நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது.

அந்த வரியை வெட்டுங்கள். விமானச் சீட்டுக்கே ஆய்வுப் பணம் காணாது. இலங்கைச் சட்டம் என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கொழும்பில் நடுத்தீர்ப்பு. அதற்கும் இல்லையென்றால் சட்டம் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுவதற்குச் சிலர் உடன்படுவார்கள்.

ஈமெயிலில் கையெழுத்து வைத்து அனுப்பினால் செல்லுமா?

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதை ஏற்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகக் கோப்புக்கு மைக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கேட்பார்கள். இரண்டு மூலப்பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் வையுங்கள். இணைப்புகளை மறந்துவிடுவார்கள், அவற்றிலும் வையுங்கள். வரவுசெலவு இருப்பது அங்கேதான்.

ஆய்வு முடிந்தபின் கருவிகள் யாருக்கு?

எழுதாவிட்டால் சண்டை. கொடையாளர் பணத்தில் வாங்கியது பல்கலைக்கழகத்துக்கே என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. வாங்கிய அன்றே பொருட்பதிவேட்டில் ஏற்றி இலக்கம் ஒட்டுங்கள். கம்பனி இரவலாகத் தந்தது என்றால் திருப்பும் திகதி, கொண்டுபோகும் செலவு, இடையில் பழுதானால் யார் திருத்துவது என்பவற்றை எழுதுங்கள். மடிக்கணினிகளைத் தனியாகக் குறியுங்கள். திட்டம் முடியும்போது காணாமல் போவது பெரும்பாலும் அவைதான், திட்டத்தின் தரவும் அநேகமாக அவற்றுக்குள்தான் இருக்கும்.